முழங்கால் மூட்டு மாற்று: பேக்கேஜ் தொகைக்குள் இருப்பதும் இல்லாததும்

முழங்கால் மூட்டை மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னதும், கவுன்டரில் ஒரு தாள் தருவார்கள். அதில் ஒரே ஒரு தொகை இருக்கும், பேக்கேஜ் என்று. அந்தத் தொகையை வைத்து நான்கு மருத்துவமனைகளை ஒப்பிடத் தொடங்குவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதல் தவறு. ஓர் இடத்துப் பேக்கேஜில் பிசியோதெரபி சேர்ந்திருக்கும்; இன்னோர் இடத்தில் இம்ப்ளான்ட்டே (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டே) சேர்ந்திருக்காது. தொகையைப் பிரித்துக் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பிட வேண்டும். பில்லோடும், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டிபிஏவோடும் பலமுறை மல்லுக்கு நின்று கற்றுக்கொண்டவை கீழே. இது திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை. கேள்வி கேட்க நேரம் இருக்கிறது என்பதே இதில் உங்களுக்குள்ள ஒரே பலம். அட்மிஷன் போட்ட பிறகு அது இருக்காது.

முதலில் இம்ப்ளான்ட். மருந்து விலைகளைக் கண்காணிக்கும் தேசிய ஆணையமான என்பிபிஏ, 2017 ஆகஸ்ட் 16 அன்று முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இந்தத் தொகை நான்கு உறுப்புகளின் கூட்டல். தொடை எலும்பின் முனையில் பொருத்தும் பாகம் 24,090. கால் எலும்பின் மேல் உட்காரும் தட்டு 16,990. இரண்டுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் இன்சர்ட் 9,550. முழங்கால் சில்லின் பின்பக்கம் ஒட்டும் பட்டன் 4,090. கூட்டிப் பாருங்கள், சரியாக 54,720 வரும். 5 சதவீத ஜிஎஸ்டியோடு 57,456.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? பல சர்ஜன்கள் சில்லை மாற்றுவதில்லை. அதன் பின்பக்கக் குருத்தெலும்பு ஓரளவு நன்றாக இருந்தால் ஓரங்களைச் சீர்செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அது மருத்துவ முடிவு, அதில் தவறில்லை. ஆனால் சில்லை மாற்றாதபோது பில்லில் நான்கு உறுப்பின் விலை வரக்கூடாது. மேலே சொன்ன கணக்கில் மூன்று உறுப்புக்கு 50,630தான். ஆபரேஷன் குறிப்பில் "சில்லு மாற்றப்படவில்லை" என்றிருந்து, பில்லில் முழு செட் விலை இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே பில்லிங்கில் காட்டிக் கேளுங்கள். தொகை சிறிது, ஆனால் மற்ற வரிகளையும் நீங்கள் படிக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே ஆணையில் அதிக மடக்கம் தரும் 'ஹை ஃப்ளெக்ஸ்' வகைக்கு 56,490. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைகளுக்கு 76 ஆயிரத்துச் சொச்சம். முன்பு வைத்த மூட்டை மாற்றும் மறு அறுவை சிகிச்சை செட்டுக்கு 1,13,950. இவை 2017இன் எண்கள். நீங்கள் அட்மிட் ஆகும் நாளில் நடப்பில் உள்ள விலையை என்பிபிஏ இணையதளத்தில் பார்த்து, ஒரு பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'கோல்டு மூட்டு' என்று சொல்லிக் கூடுதல் விலை சொன்னால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: உலோகம் என்ன, எந்த வகைப்பாட்டில் வருகிறது, பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எவ்வளவு. தங்க நிறத்துக்கென்று தனி விலை வகை அந்த ஆணையில் கிடையாது. பிராண்ட் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றோடு இம்ப்ளான்ட் விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையின் நிபந்தனைதான். இடுப்பு மூட்டுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அங்கே பேரமும் ஒப்பீடும் இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் விலைக்குக் கடிவாளம் போட்டபின் சுமை வேறு வரிகளுக்கு நகரும். ஆகவே எஸ்டிமேட்டில் இவை சேர்த்தியா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: மயக்க மருத்துவர் கட்டணம், எலும்புச் சிமென்ட் எத்தனை பாக்கெட் (பொதுவாக 40 கிராம் பாக்கெட், ஆன்டிபயாடிக் கலந்தது விலை கூடுதல்), வலி குறைக்கும் நரம்பு பிளாக், முதல் இரவு ஐசியூவிலா வார்டிலா, ரத்தம் ஏற்றினால் தனிக் கட்டணமா, உள்நோயாளியாக இருக்கும்போது பிசியோ எத்தனை அமர்வு, பேக்கேஜ் எத்தனை நாளுக்கு, அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு. ரோபோ உதவியோடு செய்தால் அதற்கென்று தனி வரி வரும். இன்சூரன்ஸ் ரோபோ அறுவை சிகிச்சையை ஏற்றாலும் அதற்கு உள்வரம்பு வைக்க விதி இடம் தருகிறது. உங்கள் பாலிசியில் அந்த வரம்பு எத்தனை ரூபாய் என்று பார்க்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அறை. மொத்தச் செலவில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய முடிவு இதுதான். வாடகை வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து டீலக்ஸ் அறை எடுப்பவர்கள் டிஸ்சார்ஜ் அன்று அதிர்ந்துபோகிறார்கள். காரணம், விகிதாசாரக் கழிப்பு. ஒரு உதாரணக் கணக்கு. பாலிசி 5 லட்சம், அறை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை, நான்கு நாள். அறை வித்தியாசம் 12,000தான். ஆனால் சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்ஸிங் எல்லாமாக 1,60,000 ஆகியிருந்தால், அதிலும் 8,000க்கு 5,000 என்ற அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்கைத்தான் இன்சூரன்ஸ் தரும்: 1,00,000. மீதி 60,000 உங்கள் தலையில். ஆக, 12,000 என்று நினைத்தது 72,000. இதற்கு மேல், ஐசியூ அல்லாத அறை வாடகை நாளுக்கு 5,000ஐத் தாண்டினால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

இந்தக் கழிப்பை எதன்மேல் போடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இம்ப்ளான்ட், மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்கள்), பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது விகிதாசாரக் கழிப்பு செய்யக்கூடாது. ஐசியூ கட்டணத்தின் மீதும் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் அது அறவே பொருந்தாது. இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2020இல் கொண்டுவந்த விதி இது. செட்டில்மென்ட் தாளில் இம்ப்ளான்ட் தொகையும் எட்டில் ஐந்தாக வெட்டப்பட்டிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

காத்திருப்புக் காலம் இன்னொரு முட்டுக்கட்டை. விபத்தல்லாத மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் காத்திருப்பு உண்டு. 2024 முதல் அதன் உச்சவரம்பு 36 மாதம். கம்பெனி மாற்றுவதாக இருந்தால் புதிதாக எடுக்காமல் போர்ட் செய்யுங்கள், அதாவது இருக்கும் பாலிசியையே புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். கழிந்த காலம் கணக்கில் வரும். பிரீ-ஆத் (சிகிச்சைக்கு முன் இன்சூரன்ஸ் தரும் அனுமதி) மறுக்கப்படுவதற்கு நாங்கள் அதிகம் பார்த்த காரணம், முதல் ஆலோசனைச் சீட்டில் "பல வருடமாக வலி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பது. அதைப் பிடித்துக்கொண்டு, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்பார்கள். இதற்குப் பொய் மருந்தல்ல. பொய் சொன்னால் பாலிசியே போகும். வலி எப்போது தொடங்கியது, முதல் எக்ஸ்ரே எந்தத் தேதி, எப்போது என்ன மருந்து என்பதைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அதன்படி சரியாகப் பதியச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

பரிசோதனைகளுக்கும் பணக் கணக்கு உண்டு. ரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீர், ஈசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, நின்றபடி எடுக்கும் நீள எக்ஸ்ரே என்று போகும். பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவுதான் திரும்பக் கிடைக்கும், சிலவற்றில் 60 நாள். சர்க்கரை அதிகம், சிறுநீரில் தொற்று, பல்லில் சீழ் என்று ஏதாவது இருந்தால் தேதி தள்ளிப்போகும்; எடுத்த பரிசோதனைகள் காலாவதியாகும்; மறுபடி செலவு. ஆகவே முதலில் சர்க்கரையையும் பல்லையும் மட்டும் பார்த்துச் சரிசெய்துகொண்டு, தேதி உறுதியான பிறகு மற்றவற்றை எடுங்கள். புதிய மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் அதைக் கழற்றி, மருந்து கொடுத்து, மறுபடி பொருத்துவது இன்னொரு பெரும் செலவு, அதைவிடப் பெரும் வேதனை. பல் டாக்டருக்குக் கொடுக்கும் காசு இங்கே வீண் இல்லை.

இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் செய்தால் அறை, தியேட்டர், மயக்கம் ஒருமுறைதான், இம்ப்ளான்ட் இரண்டு. மொத்தத்தில் மிச்சம்தான். ஆனால் பாலிசித் தொகை ஒரே தடவையில் தீரும். தனித்தனியாகச் செய்தால், இரண்டாவதைப் பாலிசி புதுப்பித்த பிறகு வைத்தால் புதிய ஆண்டின் தொகை கிடைக்கும். இதில் கணக்குக்கு முன்னால் இதயமும் நுரையீரலும் வர வேண்டும். டாக்டர் ஒவ்வொன்றாகத்தான் என்றால் ஒவ்வொன்றாகத்தான்.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்கள் தனியாரில் கடன் வாங்கும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இத்திட்டத்தின் கீழ் மூட்டு மாற்று செய்கிறார்கள். முன் அனுமதி வந்த பிறகே தேதி தருவார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். அட்டையில் நோயாளியின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலே கோப்பு நின்றுவிடும்.

கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத ஐஆர்டிஏஐ விதி. மூன்று மணி நேரத்தைத் தாண்டி அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆனால் மருத்துவமனை பில்லை அனுப்பிய நேரத்திலிருந்துதான் அந்தக் கடிகாரம் ஓடும். அனுப்பிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் அனுமதித் தொகை இறுதித் தொகை அல்ல. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இறுதிப் பில்லில் ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் டூர்னிக்கே, எலும்பு துளைக்கும் டிரில், தியேட்டர் முன்பதிவு என்று தனித்தனி வரிகள் இருந்தால் இன்சூரன்ஸ் தள்ளிவிடும். இவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை என்று ஐஆர்டிஏஐ பட்டியலே சொல்கிறது. ஆகவே அவற்றை நீங்கள் கட்டாமல், கட்டணத்துக்குள் சேர்க்கச் சொல்லிப் பில்லைத் திருத்தி வாங்குங்கள். வாக்கர், முழங்கால் பிரேஸ், தனி நர்ஸ் ஆகியவை பொதுவாகக் கிடைக்காது. இவற்றுக்குக் கையில் பணம் வேண்டும். வாக்கரை வெளிக்கடையில் வாங்கினால் மலிவு. வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், அதை மாற்றும் வேலையை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வந்த பிறகு கொத்தனார் தேடினால் நோயாளிதான் சிரமப்படுவார்.

வீட்டுக்கு வந்தபின் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, 12 முதல் 14 நாளில் தையல் பிரிப்பு, சில வாரங்கள் பிசியோ. மிச்சம் பிடிக்கிறோம் என்று பலர் கைவைப்பது பிசியோவில்தான். கால் மடங்காமல் இறுகிப்போனால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிவரும். மிச்சம் பிடித்ததைவிட அதற்கு அதிகம் போகும். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே "வீட்டில் பிசியோதெரபி, இத்தனை அமர்வு" என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். அந்த வரி இருந்து, ரசீதில் பிசியோவின் பதிவு எண்ணும் தேதிகளும் இருந்தால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு பாலிசி தரும் 60 அல்லது 90 நாள் செலவில் கேட்க வழி உண்டு. வரி இல்லையென்றால் ரசீது வெறும் தாள்தான்.

இம்ப்ளான்ட் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டும் ஸ்டிக்கர்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கிளெய்முக்கு அது கட்டாயம் வேண்டும். கிளெய்ம் முடிந்த பிறகும் லேமினேட் செய்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இன்றைய மூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் வரை தாங்குகின்றன. அதற்குள் தேய்ந்தது பிளாஸ்டிக் இன்சர்ட் மட்டும் என்றால், அதே பிராண்டில் அதே அளவு கிடைத்தால் அதை மட்டும் மாற்றிவிட முடியும். எந்த பிராண்ட், என்ன அளவு என்று அன்றைய சர்ஜனுக்குச் சொல்ல அந்த ஸ்டிக்கர் போதும்.