அந்த கிரவுண்டுல சிலம்பம் சுத்தினவங்க

வடசென்னையில ஒரு கிரவுண்டுக்கு கால்பந்து டர்ஃப், அதாவது செயற்கை புல் தரை போட டிராயிங் போட்டது நான்தான். அங்க காலையில சிலம்பம் கத்துக்குடுத்த மாஸ்டர் அன்னைக்கு என்கூட சண்டை போட்டிருந்தா இது இவ்வளவு நாள் என் மனசுல நின்னிருக்காது. அவர் போடல. டிராயிங்கை கையில வாங்கி பார்த்துட்டு, "வேலி சுத்தி வருதாம்மா?"ன்னு கேட்டார். ஆமா மாஸ்டர், பால் ரோட்டுக்கு போயிடும்ல, அதுவும் இல்லாம பூட்டு போடாம விட்டா டர்ஃப் நிக்காதுன்னு சொன்னேன். "அந்த மூலையில கொஞ்சம் மண்ணு விடுவீங்களா, காலையில நம்ம பசங்க கம்பு சுத்துவாங்க"ன்னார். மண்ணு கால்ல ஒட்டிட்டு வந்து புல்லுக்குள்ள எறங்கிடும், அப்புறம் தண்ணி வடியாதுன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "சரிம்மா, நல்லா போடுங்க, பசங்க விளையாடட்டும்"னு சொல்லிட்டு கிளம்பிட்டார்.

நான் ரிப்போர்ட்ல, பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லைன்னு எழுதினேன்.

அது பொய் இல்ல, இதை எத்தனை தடவை வேணா சொல்வேன். கால்பந்து பசங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, வார்டு ஆளுங்க எல்லாருமே டர்ஃப் வேணும்னுதான் சொன்னாங்க, மாஸ்டரும் போடுங்கன்னுதான் சொன்னார். மண்ணைப் பத்தி நான் சொன்னதும் டெக்னிக்கலா சரி. செயற்கை புல்லுக்கு நடுவுல கொட்டற மணல், ரப்பர் துகளோட களிமண் கலந்துட்டா தரை இறுகிப்போய் மழைத்தண்ணி நிக்கும், கொஞ்ச நாள்ல மொத்தமும் பாழ். ஆனா ராத்திரி படுக்கும்போது வேற ஒண்ணு தோணும். வேலியை ஒரு பக்கம் உள்ள தள்ளி, தனி வாசல் வெச்சு, நடுவுல ஒரு சிமெண்ட் பாதை விட்டிருந்தா அந்த மூலை மண்ணாவே இருந்திருக்கும். பிட்ச் கொஞ்சம் சின்னதாயிருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு ஆப்ஷனை நான் வரைஞ்சு பார்க்கவே இல்ல, யாரும் வரையச் சொல்லவும் இல்ல. யாரும் சொல்லலங்கறது எனக்கு ஒரு நாள் போதுமான காரணமா தெரியுது, இன்னொரு நாள் தெரியல.

இந்த வேலையில இருக்கறவங்களுக்கு தெரியும், கிரவுண்டு கட்டறதுக்கு பணம் எங்கிருந்தாவது வந்துடும். சிங்காரச் சென்னை 2.0 மாதிரி அரசு திட்டம், கவுன்சிலர் நிதி, எம்எல்ஏ தொகுதி நிதி, ஏதாவது ஒரு கம்பெனி சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம்னு வழி இருக்கு. கட்டி முடிச்சப்புறம் வாட்ச்மேன் சம்பளம், லைட்டு கரண்ட் பில், கிழிஞ்ச வலைன்னு மாசாமாசம் ஆகற செலவுக்குத்தான் வழி இல்ல. அதனாலதான் பூட்டு வருது, பூட்டு வந்தா டைம் டேபிள் வருது, டைம் டேபிள்ல பேர் இல்லாத விளையாட்டு வெளிய போயிடுது. அரசியல் சட்டத்தோட 12வது அட்டவணையில நகராட்சி வேலைன்னு 18 விஷயம் இருக்கு, அதுல 12வது பூங்கா, விளையாட்டுத் திடல், 13வது பண்பாட்டை வளர்க்கறது. ரெண்டும் அடுத்தடுத்து இருக்கு, ஆனா எங்க எஸ்டிமேட்ல கம்பு சுத்தறது எதுல வரும்? 2024 ஜனவரில இங்க நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில சிலம்பத்தை டெமோ விளையாட்டா சேர்த்தாங்க, டிவியில பார்க்கும்போது பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா மண்ணைத் தொட்டு கும்பிட்டு கம்பை எடுக்கற பசங்க தினமும் எங்க போய் ஆடுவாங்கன்னு அந்த மேடை சொல்லாது. வெயில் ஏறினா செயற்கை புல்லுல வெறுங்காலோட நிக்கவே முடியாது, அது வேற.

புது லேஅவுட் வர்ற பக்கமா இருந்தா பரவால்ல, பெரிய மனைப்பிரிவுல 10 சதவீதம் பொது இடம் விட்டே ஆகணும்னு விதி இருக்கு, ஏதோ ஒரு பார்க் கிடைக்கும். வடசென்னையில புதுசா பிரிக்க இடம் ஏது, இருக்கற ஒரே கிரவுண்டுலதான் கிரிக்கெட்டு, ஆடி மாச கூழ், கல்யாணப் பந்தல், சாவு வீட்டு சேர் எல்லாமே. அதைத்தான் நான் கால்பந்துக்குன்னு சுத்தி வேலி போட்டேன்.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும், சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. டர்ஃப் வந்து லைட்டு போட்டப்புறம் சாயங்காலம் பொண்ணுங்க ஆட வர்றாங்க. முன்னாடி அந்த கிரவுண்டுல இருட்டினா ஒரு பொண்ணு கால் வெக்க மாட்டா, பாட்டிலும் சீட்டுக்கட்டுமாத்தான் இருக்கும். இப்போ வேலி இருக்கு, வாட்ச்மேன் இருக்கார், இத்தனை மணிக்கு பொண்ணுங்க டைம்னு போர்டு இருக்கு, அதனால வீட்டுல அனுப்பறாங்க. நான் சின்ன வயசுல எங்க தெரு கிரவுண்டை பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன். அந்த பொண்ணுங்க கத்திக்கிட்டு ஓடறதை பார்த்துட்டு அந்த பூட்டு தப்புன்னு என்னால சொல்ல முடியாது.

2024 அக்டோபர் கடைசில, மாநகராட்சியோட 9 கால்பந்து டர்ஃபை தனியாருக்கு குடுத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபா வாங்கறதுன்னு மன்றத்துல தீர்மானம் வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் உடனே வாபஸ் வாங்கிட்டாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம், 120 ரூபா குடுத்து எந்த பையன் ஆடுவான். ஆனா அந்த நியூஸை படிக்கும்போதுதான் மாஸ்டர் ஞாபகம் பலமா வந்துச்சு. கால்பந்துக்காக பேச இத்தனை பேர் இருந்தாங்க. சிலம்பம் அந்த மூலையை விட்டு போறதுக்கு தீர்மானம்கூட தேவைப்படல, என் டிராயிங்ல ஒரு கோடு போதுமா இருந்துச்சு. அவர் இப்போ ஒரு ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை மட்டும் கத்துக்குடுக்கறதா கேள்விப்பட்டேன்.

இப்போ வேற ஒரு ஊர் கிரவுண்டு என் டேபிள்ல இருக்கு. இந்த தடவை டிராயிங்குக்கு முன்னாடி, காலையில யார் வர்றாங்க, சாயங்காலம் யார் வர்றாங்க, எந்த மூலையில என்ன பண்றாங்கன்னு உக்காந்து எழுதப்போறேன்னு சீனியர்கிட்ட சொன்னேன். நல்லதும்மா, பண்ணுங்கன்னார். ஆனா அப்படி ஒரு லிஸ்ட்டை அந்த பழைய கிரவுண்டுல எடுத்திருந்தா மாஸ்டர் பேர் கண்டிப்பா இருந்திருக்கும், இப்போ ஆடற பொண்ணுங்கள்ல ஒருத்தி பேர்கூட இருந்திருக்காது, ஏன்னா அப்போ அவங்க அங்க வரவே இல்ல. வராதவங்களை எப்படி எழுதறதுன்னு எனக்கு இன்னும் தெரியல, அடுத்த வாரம் சைட்டுக்கு போகணும்.