விண்டோஸ் 10-இல் லதா எங்கே போனது?

விண்டோஸ் 7-இல் லதா எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பை விண்டோஸ் 10-இல் திறந்தால் வரிகள் இடம் மாறி, பக்கக் கணக்கே குலைந்துவிடும். கோப்பில் கோளாறு இல்லை. விண்டோஸ் 10-இல் லதா, விஜயா என்ற தமிழ் எழுத்துருக்கள் கூடவே வருவதில்லை. விண்டோஸ் 8-இல் அறிமுகமான நிர்மலா யூஐ அந்த இடத்தில் வந்து நிற்கும். அதன் எழுத்து அகலம் வேறு. எழுத்துருப் பெட்டியில் மட்டும் ‘லதா’ என்றே காட்டும், அதுதான் ஏமாற்றிவிடுகிறது.

செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய், ‘ஆட் எ ஃபீச்சர்’ அழுத்தி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ நிறுவுங்கள். இணைய இணைப்பு வேண்டும். பிறகு வேர்டை மூடித் திறந்தால் பழைய வரியமைப்பு திரும்பும். ஒவ்வோர் எழுத்தையும் தேர்ந்து எழுத்துரு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், வீண் வேலை. அச்சகத்துக்கு அனுப்புவதென்றால், எழுத்துரு உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.