இருக்கிறபடி வாசியும்

1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்த காலம். அந்த வெளிச்சத்தில் எங்களுக்கே எழுத்து மங்கும். தமிழ் படிப்பித்த சேருக்கோ ஒரு கண் போய், மற்றக் கண்ணும் குறைந்துகொண்டு வந்தது. பள்ளி விட்டதும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து வகுப்பின் கட்டுரைக் கொப்பிகளை நான் வாசிப்பேன். அவர் கேட்டுப் புள்ளி சொல்லுவார்.

நம் ஊர்ப் பேச்சில் ர, ற இரண்டும் தனியே வந்தால் ஓசை ஒன்றுதான். அதனால் எழுத்து மாறியிருக்கும் இடத்தில் "சின்ன ர", "பெரிய ற" என்று நான் சொல்ல வேண்டும். ஒருநாள் என் பக்கத்து வாங்கில் இருந்தவன் "மறத்தில் ஏரினான்" என்று எழுதியிருந்தான். கூட்டாளியாயிற்றே என்று ஒன்றும் சொல்லாமல் வாசித்துவிட்டேன். மறுநாள் காலை வெயிலில் கொப்பியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்த சேர் என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை. "நீரே திருத்திப்போட்டால் நான் என்னத்தைத் திருத்திறது? இருக்கிறபடி வாசியும்" என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு ஐயாவுக்கு வாசிக்கப் போகிறேன். துறைமுகத்தில் வேலை செய்தவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அறுபது வயதுக்குப் பிறகு குளுக்கோமாவில் பார்வை போனது. 1951இல் தொடங்கிய சிங்கப்பூர் பார்வையற்றோர் சங்கமும் தோ பாயோவில்தான் இருக்கிறது. அங்கே வெள்ளைக்கோலோடு நடக்கப் பழகினார். பிரெய்ல் மட்டும் அந்த வயதில் விரலுக்குப் பிடிபடவில்லை. போனில் தமிழ் வாசிக்கும் குரல் உண்டு, கேட்கவும் செய்கிறார். ஆனால் தமிழில் 'பாலு' என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படிச் சொல்வது என்று ஆளைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். கடிதப் பெட்டிக்கு வரும் காகிதங்களையும் யாராவது பிரித்து வாசிக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் என்றால் முதலில் கதவைச் சாத்தச் சொல்லுவார்.

அப்புறம் தமிழ் முரசு. 1935இல் இருந்து வரும் பேப்பர், ஐயாவுக்கு அதைவிட ஓரிரு வயதுதான் குறைவு. தொடங்கிய புதிதில் ஒருநாள் எனக்கு அவசரம். விளம்பரம் நிறைந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். ஐயா கையை உயர்த்தினார்.

"தம்பி, தாள் ரெண்டு தடவை புரண்டுச்சே. நடுவுல என்ன?"

"விளம்பரம்தான் ஐயா."

"என்ன விளம்பரம்னு படிங்க. வேணுமா வேணாமான்னு நான் சொல்றேன்."

முகம் சூடாகிவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்திய விறாந்தையில் நிற்பதுபோல் இருந்தது. கண் தெரிகிறவர் பேப்பரைப் பிரித்தால் வேண்டாததைத் தாமே தாண்டிப் போவார். அந்த உரிமையை நான் அவரிடமிருந்து எடுத்திருந்தேன். வாசிக்கப் போகும் நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். படம் இருந்தால் படத்தில் யார், என்ன என்று சொல்லுங்கள். சோகச் செய்திக்கு அழுது நடிக்க வேண்டாம். பிழை இருந்தால் பிழையோடு வாசியுங்கள்.

நேரில் போக நேரமில்லாதவர்கள் ஒலிநூல் பதியலாம். நானும் கொஞ்சம் முயன்றேன். மின்விசிறியை நிறுத்தி, உடுப்பு அலுமாரிக்கு முன் இருந்து பேசினால் எதிரொலி குறையும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சரியாக நல்ல பந்தி வரும்போது கீழே பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரின் ஹாரன் கேட்கும். வசனத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டியதுதான்.

2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை இந்தியா 2014இல் முதல் நாடாக ஏற்றது, சிங்கப்பூர் 2015இல் சேர்ந்தது. அதன்படி, பார்வை இல்லாதவர்களுக்கும் டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் பதிப்புரிமையாளரிடம் தனியே அனுமதி வாங்காமல் ஒலிநூல் செய்யலாம், நாடு விட்டு நாடு அனுப்பலாம். சென்னையில் பதிந்த தமிழ் நூல் தோ பாயோவுக்கு வர வழி இருக்கிறது. நம் யாழ்ப்பாணக் குரல்களும் அந்த வழியில் போகவேண்டும் என்பது என் ஆசை.

என் 'டொக்டர்' ஐயாவுக்கு 'டாக்டர்' ஆக முதலில் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போது பழகிவிட்டது. போன சனிக்கிழமை விளம்பரப் பக்கத்தில் இருந்தே தொடங்கினேன். தேக்காவில் ஒரு கடையில் பொன்னி அரிசி மலிவு.

"அஞ்சு கிலோ பையா, பத்து கிலோ பையா?" என்று கேட்டார்.