நாலு மணிக்கு அடுப்பு அணையும்

எங்கள் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போடத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு பெரிய உருளி, ஒரு அடுப்பு, பாக்கெட் ஒட்டும் மெஷின், நானும் வீட்டுக்காரரின் அம்மாவான மாமியும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டினேன். அதில் கிடைத்த 14 இலக்க எண்ணை முதல் பாக்கெட்டில் பார்த்தபோது, பிள்ளை பிறந்த சீட்டைக் கையில் வாங்கியது போல இருந்தது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் எட்டாம் வகுப்பு, இளையவன் நாலாம் வகுப்பு. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால், பால் எடுத்து ஷீட் அடித்து வீடு வர பதினொன்று ஆகும். அதனால் காலையில் பிள்ளைகளைக் கிளப்பி விடுவது என் பாடுதான். பள்ளி வேன் கிளம்பிப் போனதும் காய் உரிக்க உட்காருவேன். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உரிக்கணும், இல்லாவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும். தடவினாலும் பிடிக்கத்தான் செய்கிறது. மூன்றரை, நாலு கிலோ காய் உரித்தால்தான் ஒரு கிலோ சிப்ஸ் தேறும்.

இந்த வேலையில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். மஞ்சள் தண்ணீரில் கிடந்த காயைத் துடைத்து, காய்ந்த எண்ணெய்க்கு மேலேயே நேராகச் சீவி விடுவேன். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் ஊற்றணும். எண்ணெய் சடசடவென்று பொங்கி எழும். அந்தச் சத்தம் மெல்ல அடங்கி, கிளறும்போது சிப்ஸ் கலகலவென்று ஒன்றோடொன்று மோதும் சத்தம் வரும். அந்த நேரத்தில் கோரி எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தவறினால் சிவந்து கசந்துவிடும். அடுப்பு முன்னால் நிற்கும்வரை காதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

2024 ஓணத்துக்கு அதை மறந்துபோனேன். அந்த வருஷம் திருவோணம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பின்னாலேயே காலாண்டுப் பரீட்சை. கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து 80 கிலோ கேட்டார்கள். வந்த ஆர்டரை எப்படி விடுவது என்று ஒத்துக்கொண்டேன். ஐந்து நாள், ராத்திரி பத்து மணிவரை அடுப்பு எரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகன் சாய்ப்பு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். நான் முதுகைக் காட்டியபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முடித்ததும், "சரி மக்களே, எட்டாம் வாய்ப்பாடு சொல்லு" என்றேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்கிறான்.

"அம்மா, நான் ஏழு எட்டு நூறுன்னு சொன்னேன். ஏழு ஒன்பது ஆயிரம்னும் சொன்னேன்."

எனக்குக் கையிலிருந்த கரண்டி கனத்துப்போயிற்று. அவன் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி மடியில் வைத்திருப்பேன். நான் கேட்கிறேனா என்று சோதித்துப் பார்த்திருக்கிறான், எட்டு வயதில்.

அந்த ஆர்டரைச் சொன்னபடி முடித்துக் கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் மனசு இன்னும் சோர்ந்தது. ஓணம் நெருங்க நெருங்க ஏத்தங்காய் விலை ஏறிக்கொண்டே போகும். தேங்காய் எண்ணெயும் அதே கதை. கடைக்காரரிடம் பழைய விலையைத்தான் பேசியிருந்தேன். சாதாரண மாதத்தில் 80 கிலோவுக்கு மிஞ்சுவதில் பாதிகூட மிஞ்சவில்லை. பண்டிகை வியாபாரம் பெரிய லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய் நம் சொந்த விளையில் விளைந்தால் அது சரி. சந்தையில் வாங்கிப் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை.

அதிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பற்ற வைப்பதே இல்லை. ஓணத்துக்கு 30 கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை, அதையும் அன்றைய காய் விலையைப் பார்த்துத்தான் பேசுகிறேன். இரண்டு கடைகள் என்னை விட்டுப் போயின. அதில் வருத்தம் உண்டு.

மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "தேடி வர்ற வியாபாரத்தை வேண்டாம்னு சொல்லலாமா?" என்றார்கள். அவர்கள் வாழ்க்கை முழுக்க அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி உடைக்கப் போனவர்கள். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டு வெந்த விரல்நுனி இன்னும் சரியாகவில்லை. ஒருநாள் நான் உரித்துக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "என் பிள்ளைகள் பக்கத்து வீட்டில்தான் வளர்ந்துது. உன் வீட்டுக்காரன் முதன்முதல்ல நடந்ததைக்கூட நான் பார்க்கல, கேட்டுத்தான் தெரிஞ்சுது" என்றார்கள். அப்புறம் நாலு மணி பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இப்போது மணி பார்த்து விறகை இழுத்து விடுவது அவர்கள்தான்.

பிள்ளைகளை வேலையிலிருந்து ஒரேயடியாகத் தள்ளி வைக்கவும் இல்லை. சனிக்கிழமை மகள் ஸ்டிக்கர் ஒட்டுவாள், வரவு செலவு நோட்டில் கூட்டிப் போடுவாள். என் கூட்டலில் அவள் பிடித்த தப்புகள் ஏராளம். ஆனால் எண்ணெய் சூடாக இருக்கும்போது சாய்ப்புப் படியைத் தாண்டக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது. எத்தனை பாக்கெட் பாக்கி இருந்தாலும் சரி.

நேற்று நாலரைக்கு மகன் வந்தான். உருளியில் எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. நான் படியில் உட்கார்ந்து விரலில் கறை தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னான். ஒன்பது ஏழு வந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

"அறுபத்து மூணு," என்றேன்.

அவன் ஒன்பது எட்டுக்குப் போனான்.