மணி பார்த்தவனைத் தேடி அரச்சலூருக்கு

அடுத்த நாவல் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். இந்த முறை காவல் நிலையம் இல்லை, செல்போன் இல்லை, கைரேகையும் இல்லை. கதை பழைய கொங்கு நாட்டில், நொய்யல் கரையில் நடக்கிறது. துப்புத் துலக்குகிறவன் ஒரு வண்ணக்கன். மணியையும் காசையும் சோதித்து, அசலா போலியா என்று சொல்வது அவன் தொழில். அப்படி ஒருவன் உண்மையிலேயே இருந்தான். அவன் பெயர் ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில், அரச்சலூர் நாகமலையில், பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

மலையடிவாரத்தில் ஒரு பெரியம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, கோயலுக்குங்களா?"

"இல்லீங்கம்மா, எழுத்துப் பாறைக்கு."

"ஆண்டிப்பாறைக்குங்களா? போங்க, போங்க. செருப்ப மட்டும் கழட்டிராதீங்க, பூராவும் முள்ளு."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது கொஞ்சம் ஏறியதுமே தெரிந்துவிட்டது.

மேலே கற்படுக்கைகள் வெட்டிய குகைத்தளம். எழுத்து சட்டென்று கண்ணில் படாது. டார்ச்சை நேராக அடித்தால் வெறும் பாறைதான். விளக்கைப் பாறையோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது வெட்டிய கோட்டின் ஒரு ஓரத்தில் நிழல் விழுகிறது, ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வருகிறது. 1960-களின் தொடக்கத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு கண்டுபிடித்துச் சொன்ன தமிழ் பிராமிக் கல்வெட்டு இது. காலம் பொது ஆண்டு 2 முதல் 4-ஆம் நூற்றாண்டுக்குள் என்கிறார்கள். நடுவில் எழுத்துகள் இப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து படியுங்கள், வலமிருந்து படியுங்கள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, எப்படிப் படித்தாலும் அதேதான். இசைக்கோ ஆடலுக்கோ உரிய சொற்கட்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே கையெழுத்தும் இருக்கிறது: "எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்." எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் மணி சோதிக்கும் தேவன் சாத்தன்.

எனக்கு நாவல் கிடைத்தது இந்த இடத்தில்தான். கட்டங்கள் மொத்தம் 25. அதில் நட்டநடு எழுத்தைத் தவிர வேறு ஒரே ஒரு எழுத்தை யாராவது மாற்றினால் போதும், நாலு திசையிலும் படித்துப் பார்க்கும்போது பிசகு காட்டிக்கொடுத்துவிடும். நாள் முழுக்க மணிகளுக்கு நடுவில் போலியைத் தேடுகிற ஒருவனுக்குத்தான் இப்படி ஒரு அடுக்கு தோன்றும் என்று நான் நினைக்கிறேன். சங்கப் புலவர்களிலும் வடமவண்ணக்கன் தாமோதரனார் போல வண்ணக்கர்கள் இருந்திருக்கிறார்கள். கல்லை நிறுத்துப் பார்த்த கை சொல்லையும் நிறுத்துப் பார்த்திருக்கிறது.

ஓடாநிலை அங்கிருந்து பக்கம்தான். தீரன் சின்னமலை நினைவிடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சென்னிமலையில் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டு, கொடுமணலுக்குக் கிளம்பினேன்.

கிளுவை வேலி போட்ட காடுகள், நடுவே நெட்டுக்குத்தாக நிற்கும் ஈமக் கற்கள். பார்த்தால் சாதாரணக் கிராமம். ஆனால் பதிற்றுப்பத்தில் கபிலர் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுதான். 1985 முதல் பேராசிரியர் கா. ராஜனும் மற்றவர்களும் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், பெயர் கீறிய பானை ஓடுகள், மணிப் பட்டறைகள் எல்லாம் வெளிப்பட்டன. பச்சைக்கல் படியூரிலிருந்தும் நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரு ஈமக்குழியில் செம்மணியும் நீலமணியும் பதித்த வெண்கலப் புலி கிடைத்திருக்கிறது. என்னை அதிகம் கவர்ந்தவை அரைகுறை மணிகள்தான். உடைத்தது, தேய்த்தது, துளை போட ஆரம்பித்துப் பாதியில் விட்டது என்று ஒவ்வொரு நிலையிலும் கிடைக்கின்றன. பாதியில் விட்டவன் ஏன் விட்டான் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

இந்த மணிகளுக்கு ரோமில் அப்படி ஒரு கிராக்கி. மேற்கே சேர நாட்டுத் துறைமுகத்தையும் கிழக்கே கரூரையும் இணைத்த பெருவழி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம்தான் போனது. நொய்யல் கரை வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகவே அகப்பட்டன. வாங்கின ரோமானியர்கள் ஏமாந்தும் இருக்கிறார்கள். இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றி, பச்சைக்கல் போன்ற மணிகளைப் போலியாகச் செய்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். வெசுவியஸ் எரிமலை வெடித்த 79-ஆம் ஆண்டில் இறந்துபோன அதே பிளினிதான்.

சாயமேற்றிய ஒரு பொதி, அதை அசல் என்று முத்திரையிட மறுத்த ஒரு வண்ணக்கன், மறுநாள் காலை நொய்யலில் மிதந்த வணிகனின் உடல். இதற்கு மேல் சொன்னால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வார். பிளினியும் சாத்தனும் ஒரே காலத்தவர்கள் அல்ல. கதைக்காகச் சாத்தனைச் சற்று முன்னே நகர்த்தியிருக்கிறேன், முன்னுரையில் அதைச் சொல்லியும் விடுவேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. "மழ பேஞ்சா மணி மேல வருமுங்க" என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கொலை நடந்த அறையில் ஒரு பித்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் வழக்கு என்னவாகும் என்று என் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்த மணி வெறும் கல்தான்.

பாதி நாவல் எழுதியாகிவிட்டது. காங்கேயம், கரூர்ப் பக்கம் கல்லுக்குப் பட்டை தீட்டிய குடும்பத்தினர் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். கருவி ஏதுமில்லாமல், கையாலும் கண்ணாலும் மட்டும் உங்கள் தாத்தா போலியை எப்படிப் பிடித்தார்? சாத்தன் பொதியை அவிழ்க்கும் அத்தியாயம் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது.