சதுர அடிக் கணக்குக்குக் கீழே என்ன இருக்கிறது?

குமரி மாவட்டத்தில் வீட்டு முற்றத்தைப் புல்தரையும் கல்பாதையுமாக அமைக்க ஆள் தேடினால், முதலில் காதில் விழுவது ஒரே ஒரு எண்தான்: சதுர அடிக்கு இவ்வளவு. அந்த எண்ணை மட்டும் வைத்து மூன்று பேரை ஒப்பிட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். விலை குறைந்திருந்தால் பெரும்பாலும் குறைந்திருப்பது மண்ணும் வடிகாலும்தான். புல் எல்லோர் கையிலும் முதல் மாதம் பச்சையாகத்தான் இருக்கும்.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டு சென்ட் முற்றம் என்றால் 871 சதுர அடி. அதன்மேல் ஒரே நாளில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். கூரையிலிருந்து இறங்குவது தனி. இந்தத் தண்ணீர் எந்த வழியாக எங்கே போகும் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்ட முடியாத ஒப்பந்ததாரரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு வேண்டும். சரிவு முடியும் இடத்தில் வாய்க்காலோ துளைக்குழாயோ வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் உறிஞ்சுகுழி இருக்கிறது. முற்றத்தை மேடாக்கும்போது அந்தக் குழியின் மூடியைப் புல்லுக்கு அடியில் புதைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாவது மழைக்காலத்தில் மணல் அடைத்துத் தண்ணீர் வாசற்படிக்கு வரும். மூடியைப் புதுத் தரைமட்டத்துக்கு உயர்த்த வேண்டும், தூர்வார ஆள் இறங்க வழி இருக்க வேண்டும். கொட்டேஷனில் இதைத் தனி வரியாகக் கேளுங்கள்.

அடுத்தது மண். நான்கு அங்குலச் செம்மண் என்று எழுதியிருந்தால் இரண்டு சென்டுக்கு 290 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் இது கிட்டத்தட்ட மூன்று யூனிட். கொட்டும்போது பொலபொலவென்று இருக்கும் மண், நனைத்து அமுக்கினால் ஐந்தில் ஒரு பங்காவது இறங்கும். ஆகவே மூன்றரை யூனிட்டுக்கு மேலேயே வர வேண்டும். இரண்டு யூனிட் இறக்கிவிட்டு நான்கு அங்குலம் என்று சொன்னால் உண்மையில் மூன்று அங்குலம்கூடத் தேறாது. வண்டி வந்ததும் டேப்பை எடுத்துப் பெட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள். 9 அடிக்கு 5 அடிக்கு 2 அடி என்றால் 90 கன அடிதான், முழு யூனிட் ஆகாது. யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேர்மையான ஆள் தானே டேப்பைப் பிடிப்பார்.

மண்ணோடு நடைச்சீட்டையும், அதாவது அதை ஏற்றிவரத் தந்த அரசு அனுமதிச் சீட்டையும், கேட்க வேண்டும். செம்மண்ணும் சரளையும் சிறுகனிமங்கள். சீட்டு இல்லாமல் ஓடும் வண்டியைக் கனிமவளத் துறையோ வருவாய்த் துறையோ காவல் துறையோ பிடித்தால், வேலை பாதியில் நிற்பது உங்கள் முற்றத்தில். கடற்கரை மணலை நிரப்ப எடுக்கவே கூடாது. அதில் உப்பு, அதோடு மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் இருப்பதால் அதை அள்ளுவது வெறும் மணல் திருட்டோடு நிற்காது.

செம்மண்ணோடு கூடவே வருவது கோரைக்கிழங்கு. இதைக் கண்டுகொள்ளாமல் மறுநாளே புல்லை விரித்தால், இரண்டு மாதத்தில் புல்லைத் துளைத்துக்கொண்டு கோரை நிற்கும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, பதினைந்து இருபது நாள் முளைக்க விட்டு, கிழங்கோடு கிளறி எடுத்த பிறகுதான் புல். அவசரப்படும் ஒப்பந்ததாரருக்கு இந்த மூன்று வாரம் பிடிக்காது. இதற்காக அவருக்குக் கூலி சேர்த்துக் கொடுத்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

புல் வகையை நிழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு மெக்சிகன் புல்லும் கொரியன் புல்லும் சரி. பலா, மா, தென்னை நிழல் விழும் முற்றத்தில் அவை மெலிந்து, பாசி பிடிக்கும். அங்கே எருமைப்புல்லோ பேர்ல் புல்லோ தாங்கும். கனத்த நிழலில் எந்தப் புல்லும் வேண்டாம், பேபி ஜல்லி எனும் பொடிக் கருங்கல் ஜல்லி போதும்.

இப்போது எல்லோரும் கேட்பது, தாண்டூர் கல் எனும் பலகைக் கற்களுக்கு இடையில் இரண்டு அங்குலப் புல். கல்லுக்கு அடியில் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த இடுக்கில் வேருக்கு ஆழம் கிடையாது. பங்குனி வெயிலில் கல் சுட்டுப் புல் கருகும். இடுக்கின் கீழ் கான்கிரீட்டை விட்டு, ஆறு அங்குலம் மண் கொடுக்கச் சொல்லுங்கள். இன்டர்லாக் எனும் கான்கிரீட் கல் என்றால் கனம் நடைபாதைக்கு 60 மி.மீ., கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. ஓரத்தில் தடுப்பாகக் கெர்ப் கல் இல்லாவிட்டால் கற்கள் வெளிப்பக்கம் நகரும். டயர் ஓடும் தடம் மட்டும் பள்ளமாவதற்குக் காரணம் கல் அல்ல, நிரப்பிய மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை நனைத்து, அமுக்கும் கம்பாக்டர் இயந்திரம் ஓட்டாதது. கல் பதிக்கும் முன் பாதைக்குக் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் இரண்டரை அங்குல பிவிசி குழாயைப் புதைத்துவிடுங்கள். பின்னால் சொட்டுநீர்க் குழாயோ விளக்கு ஒயரோ கொண்டுபோகக் கல்லைப் பெயர்க்க வேண்டாம்.

செடிகளில் இடத்தைப் பொறுத்து யோசியுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக்காற்று இலையைக் காயவைத்துவிடும். முதலில் காற்றுத் தடுப்புக்கு ஒரு வரிசை, பிறகுதான் பூச்செடி. முட்டம், குளச்சல் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்குவது புன்னை, பூவரசு, அரளி, காகிதப்பூ. கொட்டேஷனில் “பத்து அரளி” என்று மட்டும் எழுதினால் போதாது. பை அளவும் செடியின் உயரமும் எழுத வேண்டும்.

தோட்டம் அமைக்க என்று தனி லைசென்ஸ் தமிழ்நாட்டில் கிடையாது. “அரசு லைசென்ஸ் பெற்றவர்” என்று அட்டையில் போட்டிருந்தால் எதற்கான லைசென்ஸ் என்று கேளுங்கள். விளக்கு, மோட்டார் வேலைக்கு மட்டும் மின் ஒப்பந்ததாரர் உரிமம் உள்ளவர் வேண்டும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது. பதிவு உள்ளவர் 18 சதவீதம் போடுவார், ஒரு லட்சத்துக்கு 18,000. உயிர்ச்செடிக்கு வரி இல்லை. நர்சரியில் நீங்களே செடி வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் விழும் வரி மிச்சம்.

அனுமதி தேவைப்படுவது பெரும்பாலும் நாம் நினைக்காத இடங்களில். தோவாளை, கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு வட்டங்களின் மலையோரக் கிராமங்களில், ஊர் ‘ஹாக்கா’ எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்ட பிறகே ஜேசிபியை மேட்டில் ஏற்றுங்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரத்தை வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வரும். புதுக் கட்டுமானத்துக்கும் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. வயலை நிரப்பி முற்றமாக்குவதற்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். அனந்தனார் சானல், தோவாளை சானல் போன்ற பாசனக் கால்வாய் ஓரத்தில் வீடு இருந்தால் கரைப் புறம்போக்கில் ஒரு செடிகூட வைக்கச் சொல்லாதீர்கள். கேட்டுக்கு வெளியே சாலை ஓரத்தில் போடும் கல்லும் சாய்தளமும் ஆக்கிரமிப்புதான், அகற்றும்போது இழப்பீடு வராது.

பணத்தை வேலை முடிந்த கட்டம் பார்த்துக் கொடுங்கள். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மண்ணும் வடிகாலும் முடிந்து, ஒரு குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகு அடுத்தது, கல்வேலைக்குப் பின் அடுத்தது, புல் விரித்த பின் அடுத்தது. பத்து சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் தண்ணீர் விடுவது யார், பட்டுப்போன செடியை மாற்றுவது யார் என்பதை ஒப்பந்தத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மண்வேலையைத் தை, மாசியில் முடித்துவிட்டால், வைகாசிக் கடைசியில் நடும் செடிக்கு ஆனிச் சாரலே தண்ணீர் விடும்.