பொத்தானில் மட்டும் ஆங்கிலம்

ரோஸ் ஹில்லில் ஒரு கோவிலின் இணையதளம். காவடிப் பதிவுப் படிவம் முழுக்கத் தமிழ். பொத்தானை அழுத்தியதும் "ப்ளீஸ் வெயிட்".

ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சாகும் மொரிஷியஸில் இது உறுத்துகிறது.

தளம் ட்ரூப்பலில், அதாவது இணையதளம் கட்டும் மென்பொருளில், ஓடுகிறது. அந்த வாசகம் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலிலிருந்து வருகிறது. மொழிபெயர்க்க வேண்டிய வாசகத்தைக் கொடுக்கும் 'ட்ரூப்பல் டாட் டி' கட்டளைக்குள்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் நேராக இல்லை, வேரியபிளாக, அதாவது வாசகத்தை வேறு பெயரில் வைத்து அந்தப் பெயரை மட்டும்.

ட்ரூப்பல் அந்த ஃபைலை ஓட்டிப் பார்ப்பதில்லை. வெறும் எழுத்தாகப் படித்து, மேற்கோள் குறிக்குள் நேராக இருக்கும் வாசகத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும். வேரியபிளுக்குள் இருப்பது அதன் கண்ணில் படாது. மொழிபெயர்ப்புப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

வாசகத்தை நேரே எழுதுங்கள். ட்ரூப்பல் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, அதாவது கேஷைக் காலி செய்யுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் தமிழில் ஒருமுறை திறங்கள். அப்போதுதான் பட்டியலில் ஏறும். இந்தக் கடைசிப் படியைத்தான் மறந்துவிடுகிறோம்.

எண்ணிக்கைக்கு ஒருமை, பன்மை இரண்டையும் கொடுக்கும் 'ஃபார்மேட் ப்ளூரல்' கட்டளை: "1 காவடி", "@கவுன்ட் காவடிகள்". '@கவுன்ட்' இருக்கும் இடத்தில் எண் வந்து உட்காரும்.

பயனரின் பெயரை வாசகத்தோடு பிளஸ் குறி போட்டு ஒட்டவே வேண்டாம். "வெல்கம் @நேம்" என்று முழு வாக்கியமாகக் கொடுங்கள். தமிழில் "@நேம், வாருங்கள்" என்று பெயரை முன்னால் வைக்கலாம். ஒட்டிவிட்டால் பெயர் ஆங்கிலம் விட்ட இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.